சாம்பசிவம் வாங்கிய அடிஷனல் ஷீட்

எங்கள் எதிர்வீட்டு வாசல் தூணில் கருப்பு கிரானைட் பலகை ஒன்று பதித்திருக்கிறது. 'மு. சாம்பசிவம், பி.எஸ்சி., கணிதம்' என்று தங்க நிறத்தில் வெட்டிய எழுத்து. மேலகரத்தில் எங்கள் தெருவில் ஒரு டாக்டரும் இரண்டு வக்கீல்களும் இருக்கிறார்கள். அவர்கள் பெயரெல்லாம் தகரத்தில்தான் தொங்குகிறது. சாம்பசிவம் தென்காசியில் டைல்ஸ் ஷோரூம் மேனேஜர், ஆகவே கல்லுக்குப் பஞ்சமில்லை. வெள்ளிக்கிழமை தோறும் அந்தப் பலகையை ஈரத்துணியால் துடைப்பது அவர் மனைவி குழல்வாய்மொழி. பெயருக்கு ஒரு இழுப்பு, பட்டத்துக்கு இரண்டு இழுப்பு.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். சாரல் காலத்தில் இந்தப் பக்கம் துணி காயாது. குற்றாலத்தில் அருவி விழுகிற அத்தனை நாளும் எங்களுக்கு மேகமும் தூற்றலும்தான். காலையில் போட்ட துணியை ஆறு தடவையாவது மாடிக்குப் போய்த் தொட்டுப் பார்க்க வேண்டும். அங்கே நின்றால் எதிர்வீட்டு மாடி நேரே தெரியும். நான் துணியைப் பார்க்கத்தான் போகிறேன். கண் தானாக அந்தப் பக்கம் போனால் அதற்கு நான் என்ன செய்ய?

அவர்கள் மகள் ப்ரீதா பிளஸ் டூவில் கணக்கில் தொண்ணூற்றெட்டு. மீதி இரண்டு மார்க் எங்கே போயிற்று என்று குழல்வாய்மொழி மே மாதம் முழுக்க விசாரித்துக்கொண்டிருந்தாள். அப்பா படித்த படிப்பு என்று சொல்லி மகளைப் பி.எஸ்சி. கணக்கிலேயே சேர்த்தாள். சாம்பசிவம் மட்டும் பி.காம். நல்லது, பி.சி.ஏ. நல்லது, தமிழ் இலக்கியம்கூட நல்லதுதான் என்று சொல்லிப் பார்த்தார். கணக்குப் படித்த மனிதர் இலக்கியத்தைச் சிபாரிசு செய்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வயதாகிறது, கோட்டை விட்டுவிட்டேன்.

முதல் செமஸ்டரில் கால்குலஸ் என்று ஒரு பேப்பர். முதல் வாரம் கல்லூரிப் பேருந்திலிருந்து இறங்கிய ப்ரீதாவின் முகம், சந்தையில் செருப்பைத் தொலைத்தவள் முகம் மாதிரி இருந்தது. பள்ளியில் அவள் கணக்குப் படித்த முறை எல்லோரும் படிக்கிற முறைதான். பாடத்துக்குப் பின்னால் இருக்கும் கணக்கு மொத்தத்தையும் மூன்று முறை போடுவது. கேள்வியின் முதல் வரியைப் பார்த்ததும் விடையின் கடைசி வரி கைக்கு வந்துவிடும். இந்தப் பாடத்தின் ஆரம்பப் படிகளைப் பதினொன்றாம் வகுப்பில் நடத்தியிருக்க வேண்டுமாம். அவள் படித்த இடத்தில் பதினொன்றாம் வகுப்பு என்பதே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை ஒரு வருஷம் முந்தி ஆரம்பிக்கிற ஏற்பாடு.

கல்லூரியில் மேடம் வந்தாராம். புத்தகத்தைத் திறக்கவில்லை. போர்டு முழுக்க எழுதினார், அழித்தார், மறுபடி முழுக்க எழுதினார், போய்விட்டார். எந்தக் கணக்கு பரீட்சைக்கு வரும் என்று ஒரு பிள்ளை எழுந்து கேட்டதற்கு, இதில் இல்லாதது வரும் என்றாராம்.

குழல்வாய்மொழி மகளின் நோட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"கணக்கு நோட்டுல தேடிப் பாத்தாலும் ஒரு நம்பரக் காணலக்கா. பூரா எழுத்தாக் கெடக்கு. ஒரு கணக்கு ஒன்றரைப் பக்கம் ஓடுது. கடைசில விடை என்னன்னு பாத்தா பூச்சியம்."

வீட்டிலேயே ஆள் இருக்கும்போது எதற்குக் கவலை என்று சொன்னேன். நல்லெண்ணத்தில்தான் சொன்னேன்.

அதிலிருந்து ஒரு வேடிக்கை. ப்ரீதா நோட்டை விரித்துச் சந்தேகம் என்று ஆரம்பித்தால், சாம்பசிவத்துக்குப் பால் வாங்குகிற ஞாபகம் வந்துவிடும். அந்த ஜூலையில் அவர்கள் வீட்டில் உறை ஊற்றப் பாத்திரம் போதாமல் எங்கள் வீட்டுத் தூக்குச்சட்டி இரண்டு போயிற்று. பால் இருக்கிற நாட்களில் இலஞ்சிக்குப் போய்விடுவார். அந்த மாதம் இலஞ்சி முருகனை அவர் பார்த்த அளவுக்கு அர்ச்சகரே பார்த்திருக்க மாட்டார். முருகனும் இந்த மனிதருக்கு என்ன குறை என்று யோசித்திருப்பான். நானும் யோசித்தேன். சர்க்கரை வியாதியாக இருக்கும், டாக்டர் நடக்கச் சொல்லியிருப்பார் என்று முடிவு செய்து தெருவில் நாலு பேரிடம் சொல்லியும்விட்டேன்.

ஆகஸ்ட் கடைசியில் முதல் இன்டர்னல் மார்க் வந்தது. இருபத்தைந்துக்கு ஒன்பது. ப்ரீதா கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு, கல்லூரியை விட்டு நின்றுவிடப் போவதாகச் சொன்னாள். குழல்வாய்மொழி மகளை ஒன்றும் சொல்லவில்லை. செருப்பு மாட்டிக்கொண்டிருந்த கணவரிடம் திரும்பினாள்.

"இனிமே பாலும் வேண்டாம், முருகனும் வேண்டாம். பி.எஸ்சி. படிச்ச ஆளு வீட்ல இருக்கும்போது பிள்ள ஒம்போது வாங்கிட்டு வருதுன்னா அது யாருக்குக் கேவலம்? இன்னைக்கே உக்காந்து சொல்லிக் குடுங்க."

சாம்பசிவம் மாட்டிய ஒரு செருப்பையும் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு சொன்னார்:

"நான் சொல்லிக் குடுத்தா அது என் கணக்காப் போயிரும். அவ எனக்குச் சொல்லட்டும். எங்கன தப்புதுன்னு நான் பாக்கேன்."

ஈரத் துண்டைப் பிடித்துக்கொண்டு மாடியில் நின்றிருந்த எனக்குப் புல்லரித்துவிட்டது. படித்தவன் படித்தவன்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து சாயங்காலம் ஆறரைக்கு எதிர்வீட்டு மாடித் தகரக் கொட்டகைக்குக் கீழே வகுப்பு. போர்டு வேண்டுமே என்று ஷோரூமிலிருந்து நாலடிக்கு இரண்டடி வெள்ளை டைல் ஒன்றைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்து வைத்தார். மார்க்கரால் எழுதலாம், துணியால் துடைக்கலாம். மகள் நின்றுகொண்டு நடத்துவாள். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு, பெரிய பரிசோதகர் தோரணையில் கேட்பார்.

முதல் நாள் லிமிட். ஏதோ ஒரு பின்னத்தை எழுதி, எக்ஸ் இரண்டை நெருங்க நெருங்க மொத்தமும் நாலை நெருங்கும் என்றாள் ப்ரீதா.

"ஏட்டி, ரெண்டுக்கே போயிர வேண்டியதுதான? எதுக்கு நெருங்கிக்கிட்டே கெடக்கணும்?"

"அப்படித்தான்ப்பா ரூல்."

"யாரு போட்ட ரூல்?"

ப்ரீதா மார்க்கரை மூடிவிட்டுக் கோபமாகக் கீழே போய்விட்டாள். ஆனால் மறுநாள் கல்லூரியில், சேர்ந்து இரண்டு மாதத்தில் முதல் தடவையாக, வகுப்பு முடிந்ததும் மேடத்தின் பின்னாலேயே போய் அதைக் கேட்டிருக்கிறாள். சாயங்காலம் டைல் முன்னால் நின்ற தோரணையே வேறு.

"ரெண்டுக்கே போனா மேலயும் பூச்சியம், கீழயும் பூச்சியம். கதவு பூட்டிக் கெடக்குப்பா, உள்ள போக முடியாது. ஆனா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கிட்டத்துல போயி எட்டிப் பாத்தா, உள்ள நாலு இருக்கது தெரியுதுல்லா. அதான் லிமிட்."

பூட்டிய வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பக்கத்தில் போய் எட்டிப் பார்த்துச் சொல்வது ஒரு பாடம் என்றால், எனக்கு எப்போதோ பட்டம் கொடுத்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் வகையிடல். எக்ஸ் ஸ்கொயரை வகையிட்டால் இரண்டு எக்ஸ் என்று ஒரே வரியில் எழுதினாள். அடுக்கில் இருக்கும் இரண்டைக் கீழே இறக்கி, மேலே ஒன்றைக் குறைத்துவிட வேண்டுமாம்.

"யாரு எறக்கச் சொன்னா?" என்றார் சாம்பசிவம்.

இந்த முறை ப்ரீதா கீழே போகவில்லை. டைலில் ஒரு சதுரம் வரைந்தாள். பக்கத்தைக் கொஞ்சம் நீட்டினாள். அங்கேயே நின்றுவிட்டாள். சாம்பசிவம் நாற்காலியை விட்டு எழுந்து கிட்டத்தில் போய்ப் பார்த்தார். அவர் வாழ்நாளில் சதுரத் தரைக்கு எத்தனை பெட்டி டைல் பிடிக்கும் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார்!

"இது நம்ம ஹால்லா? ஹாலை ரெண்டு பக்கம் கொஞ்சூண்டு பெருசாக்குனா, இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை போடணும். ஆக ரெண்டு. மூலைல ஒரு சில்லு வரும், அது வெட்டுச் சேதாரத்துல போயிரும்."

ப்ரீதா சதுரத்தைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அந்த இரண்டு வரிசைதான் இரண்டு எக்ஸ் என்றும், நீட்டுவது சின்னதாகிக்கொண்டே போனால் மூலைச் சில்லைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம் என்றும் அவளே மெதுவாகச் சொல்லி முடித்தாள். இரண்டு பேரும் அந்தச் சதுரத்தைத் துடைக்காமல் மூன்று நாள் வைத்திருந்தார்கள்.

செப்டம்பர் முழுக்க இதே கதை. சாம்பசிவத்திடம் இருந்தது ஒரே ஒரு கேள்விதான். 'இது எப்படி வந்துச்சு?' அதையே ஏன் என்று கேட்பார், யார் சொன்னது என்று கேட்பார், இப்படிச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்து ப்ரீதா முன்கூட்டியே ஒவ்வொரு வரிக்கும் காரணம் தேடிவைத்துக்கொண்டு மாடிக்கு வர ஆரம்பித்தாள். கல்லூரியை விட்டு நிற்கிற பேச்சு நின்றுவிட்டது. இரண்டாவது இன்டர்னலில் பத்தொன்பது. குழல்வாய்மொழி அந்த வெள்ளிக்கிழமை பட்டத்துக்கு மூன்று இழுப்பு இழுத்தாள்.

அக்டோபரில் ஆதார் அட்டை நகல் எடுக்கப் பீர் மைதீன் கடைக்குப் போனேன். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்யும் கடை. பீர் மைதீன் சிக்கனக்காரர். சரியாக விழாத காகிதத்தைக் கிழித்துப் போடாமல், பின்பக்கத்தில் கணக்கு எழுதித் தருவார். அன்று என் கைக்கு வந்த சீட்டைத் திருப்பினால் சாம்பசிவம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாஸ்போர்ட் அளவு புகைப்படம், திருடிப் பிடிபட்ட முழி. நீண்ட கால அரியர் உள்ளவர்களுக்கான சிறப்புத் தேர்வு, நுழைவுச்சீட்டு. சேர்ந்த ஆண்டு 1996. எழுத வேண்டிய தாள் ஒன்று. கால்குலஸ்.

வீட்டுக்கு வந்து முதலில் தண்ணீர் குடித்தேன். பிறகு பெட்டியைத் திறந்தேன். எங்களுக்கு வந்த கல்யாணப் பத்திரிகைகளை நான் தூரப் போடுவதில்லை, எப்போதாவது உதவும். குழல்வாய்மொழி கல்யாணப் பத்திரிகை, 2004 மே மாதம். மணமகன் பெயருக்குப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் பி.எஸ்சி.

நடந்தது என்ன என்று பிற்பாடு முழுதாகத் தெரிந்தது. மற்ற தாள்களையெல்லாம் முடித்துவிட்ட சாம்பசிவம் கால்குலஸை மட்டும் ஐந்து முறை எழுதியிருக்கிறார். ஐந்தாவது முறை எழுதிவிட்டு ரிசல்டுக்குக் காத்திருந்தபோதுதான் கல்யாணம் நிச்சயமாயிற்று. பத்திரிகை அடிக்கப் போன மாமனார் நமசிவாயம், எப்படியும் பாஸாகிவிடுவார் என்று பட்டத்தையும் சேர்த்து அடித்துவிட்டார். மாப்பிள்ளை பொய் சொல்லவில்லை, அச்சானதைத் திருத்தவில்லை, அவ்வளவுதான். கல்யாணம் முடிந்த மறுமாதம் ரிசல்ட் வந்தது. நாற்பது வேண்டிய இடத்தில் முப்பத்தேழு. அதை யாரிடமும் சொல்லவில்லை. பிறகு வீடு கட்டியபோது மனைவியே பலகைக்கு எழுத்துச் சொல்லிவிட்டாள்.

மாடிக்குப் போய்த் துணியைத் தொட்டேன். எதிரே தகரத்துக்குக் கீழே சாம்பசிவம் கால்மேல் கால் போட்டு, இது எப்படி வந்துச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதுவரை வாத்தியார் கேள்வியாகக் காதில் விழுந்தது அன்றைக்கு வேறு மாதிரி விழுந்தது. மகளுக்குத் தெரிந்தால் அந்த நாற்காலியில் இனி எந்த முகத்தோடு உட்காருவார்? மனைவிக்குத் தெரிந்தால் இருபது வருஷத்து ஈரத்துணி என்ன பதில் சொல்லும்?

நான் யாரிடமும் சொல்லவில்லை. நம்ப மாட்டீர்கள், ஆனால் நிஜம். தெருவுக்கே தெரிந்த விஷயம் எனக்கும் தெரியும் என்பதில் என்ன ருசி இருக்கிறது?

நவம்பர் கடைசியில் பரீட்சை. குற்றாலச் சாலையில் ஐயப்ப சாமிகளின் வேன்கள் வரிசை கட்டி நின்ற நேரம். ப்ரீதா எட்டு மணிக்கே கல்லூரிப் பேருந்தில் போய்விட்டாள். சாம்பசிவம் ஒன்பது மணிக்கு, இலத்தூர் குடோனில் சரக்கு எண்ணப் போவதாகச் சொல்லிவிட்டு, ஷோரூம் சட்டையோடு பைக்கை எடுத்தார். சாப்பாட்டுப் பையிலிருந்து அடிஸ்கேல் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. குழல்வாய்மொழி பார்க்கவில்லை.

உள்ளே நடந்ததை எனக்குச் சொன்னது ஹைருன் பீவி. பக்கத்துத் தெரு. ப்ரீதாவின் கல்லூரியில் பரீட்சை நாட்களில் ஹாலுக்குத் தண்ணீர் கொடுப்பது அவள் வேலை. கறிவேப்பிலை கேட்டு வந்தவள் கதையைச் சொல்லிவிட்டுக் கறிவேப்பிலையை மறந்து போனாள்.

பக்கத்துப் பக்கத்துப் பெஞ்சில் ஒரே கேள்வித்தாள் இருக்கக் கூடாது என்பது அங்கே நடைமுறை. ஆகவே ஒரு பெஞ்ச் பழைய பாடத்திட்டம், ஒரு பெஞ்ச் புதிய பாடத்திட்டம் என்று மாற்றி மாற்றிப் போட்டார்கள். அரியர் சிறப்புத் தேர்வுக்கும் அந்தக் கல்லூரிதான் சென்டர், யாருக்கு எந்த ஹால் என்பதை அன்றைக்குக் காலையில்தான் ஒட்டுவார்கள். பழைய கால்குலஸ் எழுத வந்தவர் சாம்பசிவம். புதிய கால்குலஸ் எழுத வந்தவள் ப்ரீதா. ஏழாம் நம்பர் ஹால், ஜன்னலோரம், நடுவில் ஒரு கை அகலம்.

"அண்ணாச்சி உள்ள வந்தாவ. பிள்ளையப் பாத்ததும் செவத்துப் பல்லி மாரி கதவோடயே ஒட்டிக்கிட்டாவ. சாரு ரெண்டு தடவ நம்பரக் கூப்புட்ட பொறவுதான் வந்து உக்காந்தாவ."

முதலில் ப்ரீதா, தான் ஏதோ மறந்து வைத்துவிட்டு வந்ததைக் கொடுக்க அப்பா வந்திருக்கிறார் என்று நினைத்திருக்கிறாள். பிறகு அவர் பெஞ்சின் மேல் நுழைவுச்சீட்டைப் பார்த்தாள். புகைப்படத்தைப் பார்த்தாள். சேர்ந்த வருஷத்தைப் பார்த்தாள். அதன்பின் அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கேள்வித்தாள் வந்தது. ஹால் முழுக்கத் தலை குனிந்தது. ப்ரீதா பேனா மூடியைத் திறக்கவில்லை. ஹைருன் பீவி தண்ணீர் கொண்டுபோய் வைத்தாள், அதையும் தொடவில்லை. கண்காணிப்பாளர் வந்து, உடம்புக்கு என்னம்மா என்று கேட்ட பிறகு எழுத ஆரம்பித்தாள். எழுதினாள், அடித்தாள், எழுதினாள், அடித்தாள். ஒரு மணி நேரத்தில் மூன்று பக்கம். சாம்பசிவம் தன் தாளைப் பார்த்ததைவிட அவள் கையைப் பார்த்ததுதான் அதிகம். பேசினால் வெளியே அனுப்பிவிடுவார்கள், அவரை மட்டுமல்ல.

அப்போது அவர் எழுந்து நின்றார்.

"சார், அடிஷனல் ஷீட்."

பரீட்சை ஹாலில் முதல் ஆளாக இந்த இரண்டு வார்த்தையைச் சொல்கிறவனை மொத்த ஹாலும் திரும்பிப் பார்க்கும். ஒன்று மேதை, இல்லையென்றால் மகா புளுகன். ஐந்து முறை இதே பரீட்சை எழுதி, ஒரு முறைகூடக் கொடுத்த தாளைப் பாதிக்கு மேல் நிரப்பாத மனிதர் சாம்பசிவம். இந்த முறை நிரம்பியதற்கு ஒரு காரணம், அவர் எழுத்து ஒவ்வொன்றும் டைல்ஸ் அளவுக்கு இருக்கும் என்பது. மற்றொரு காரணம், ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் அது ஏன் வந்தது என்று எழுதிக்கொண்டே போனது. எப்படியோ, தாள் தீர்ந்துவிட்டது.

ப்ரீதா திரும்பினாள். அப்பா கையில் புதுத் தாளோடு, சரக்கு எண்ணப் போன ஷோரூம் சட்டையில் நின்றுகொண்டிருந்தார். அவள் உதட்டை ஒரு பக்கம் கோணினாள். சிரிப்பா அழுகையா என்று ஹைருன் பீவிக்குத் தெரியவில்லை. பிறகு குனிந்தவள் மணியடிக்கும் வரை நிமிரவில்லை. அப்பா மொத்தம் இரண்டு அடிஷனல் ஷீட். மகள் மூன்று.

மத்தியானம் இரண்டு பேரும் ஒரே பைக்கில் வந்தார்கள். இலத்தூர் போனவரோடு எப்படி வந்தாய் என்று குழல்வாய்மொழி கேட்டாள். அப்பா அந்தப் பக்கமாக வந்தார், ஏறிக்கொண்டேன் என்றாள் ப்ரீதா. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அப்பாவின் பிள்ளை.

சாயங்காலம் தகரத்துக்குக் கீழே வகுப்பு இல்லை, இருந்தும் இரண்டு பேரும் மேலே வந்தார்கள். என் கொடியில் ஒரு போர்வை கிடந்தது, அது லேசில் காயாது.

"ஏட்டி, கோவமா?"

"இத்தன நாளும் ஏன், எப்படின்னு கேட்டியள, அது என்னச் சோதிக்கவா, இல்ல உங்களுக்கே தெரியாமலா?"

சாம்பசிவம் சுத்தமாக இருந்த டைலை மறுபடி துடைத்தார்.

"தெரியாமத்தான்."

"ஒரு நாள்கூடத் தெரிஞ்சு கேக்கலையா?"

"அந்த ஹால் கணக்கு மட்டும் தெரியும்."

ப்ரீதா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

"அம்மாட்ட சொல்லிருங்க."

"ரிசல்ட் வரட்டும். பாஸாயிட்டா சொல்லதுக்கே அவசியமில்லையே."

"பாஸான பொறவு சொன்னா அது பெருமைக்குச் சொன்னது. இப்பம் சொன்னாத்தான்ப்பா சொன்னது."

அதன்பின் மூன்று வாரம் சாம்பசிவம் நெருங்கினார். ஒரு நாள் காபி குடித்துக்கொண்டே, நம் கல்யாணப் பத்திரிகை எந்த அச்சகத்தில் அடித்தது என்று கேட்டார். இன்னொரு நாள், மாமா அச்சகத்துக்குத் தனியாகப் போனாரா, யாரோடாவது போனாரா என்று கேட்டார். அடுத்த வாரம், அந்தக் காலத்தில் ரிசல்ட் எல்லாம் பேப்பரில் வரும் என்றார். குழல்வாய்மொழி என்னிடம், இவருக்கு மறதி வியாதி ஆரம்பிக்கிறதோ என்றாள். பக்கத்தில் பக்கத்தில் போகிறார், போய்ச் சேரவில்லை. இதற்குத்தான் லிமிட் என்று பெயர் என்பது எனக்கு மூன்று மாதம் முன்னாடியே தெரிந்திருந்ததால் பொறுமையாக இருந்தேன்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆட்டோவில் ஒரு ஆளுக்கு இடம் இருக்கிறது என்று குழல்வாய்மொழி என்னையும் அருவிக்குக் கூப்பிட்டாள். மெயின் அருவியில் சாமிகள் கூட்டம் தாங்காது என்று பழைய குற்றாலம் போனோம். குளித்துவிட்டு, ஈரத் தலையோடு பஜ்ஜிக் கடையில் நின்றோம். ப்ரீதா அப்பாவின் முழங்கையைக் கிள்ளியதை நான் பார்த்தேன்.

"குழலு, நம்ம வீட்டுப் பலகைல ஒண்ணு தப்பா இருக்கு" என்றார் சாம்பசிவம்.

"எந்த எழுத்து?"

"பேரு சரியாத்தான் இருக்கு. அதுக்குப் பொறவு உள்ளது."

பிறகு நிறுத்தாமல் சொன்னார். ஐந்து முறை எழுதியது, பத்திரிகை, முப்பத்தேழு மார்க், மகள் சொல்லிக் கொடுத்தது, இலத்தூர் குடோன், எல்லாம். நான் பஜ்ஜியில் எண்ணெயைக் காகிதத்தால் ஒற்றிக்கொண்டிருந்தேன். ஒற்றுவதற்கு எண்ணெயே மிச்சம் இல்லாத வரைக்கும் ஒற்றினேன்.

குழல்வாய்மொழி தலைத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டாள். மகளைப் பார்த்தாள்.

"ஒனக்கு எப்பம் தெரியும்?"

"பரீட்ச அன்னைக்கு."

அடுத்ததாக என்னிடம் திரும்பினாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

"உங்களுக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். அருவிக் குளிரில் வாய் முந்திவிட்டது. "அக்டோபர்ல" என்றேன்.

சாம்பசிவம் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதத் தேவையில்லை. குழல்வாய்மொழி மீதி பஜ்ஜியைத் தட்டோடு வைத்தாள்.

"இருவது வருசமா எங்க அக்கா மாப்பிள்ள வெறும் டிப்ளமான்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருக்கேன். எதுத்த வீட்டுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு. தொடச்சுக்கிட்டு இருந்தவளுக்குத் தெரியல." பிறகு, வேறு குரலில் கேட்டாள்: "பாஸாயிருமா?"

"மூணு கணக்கு சரியா இருக்கும். நாலாவது பாதி. மத்தது தெரியல."

"பாதின்னா?"

"நேரம் பத்தல குழலு. ஏன்னு எழுதிக்கிட்டு இருந்தேன்."

மறுநாள் காலையில் மாடியிலிருந்து பார்த்தேன். பலகையில் பட்டத்தின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. வீட்டில் கைக்குக் கிடைத்தது டைல்ஸ் பெட்டியில் ஒட்டுகிற ஸ்டிக்கர்தான் போல. இப்போது பலகையில் இப்படி இருந்தது: 'மு. சாம்பசிவம், உடையும் பொருள், கவனமாகக் கையாளவும்.'

ஒட்டியது அவளேதான். ரிசல்ட் வரும் வரைக்கும் அதற்கு அங்கே வேலை இல்லை என்றாளாம். தெருவில் கேட்டவர்களுக்கு, தங்க மெருகு போய்விட்டது, மறுபடி பூச வேண்டும் என்று சாம்பசிவம் சொல்லிக்கொண்டார். நான் ஆமாம் ஆமாம் என்று ஒத்து ஊதினேன். அக்டோபர் என்று உளறியதற்குக் கடன்பட்டிருந்தேனே. கணவரோடு இரண்டு நாளில் பேசிவிட்ட குழல்வாய்மொழி என்னோடு மட்டும் பேசவில்லை. வெள்ளிக்கிழமைகளில் பெயரை மட்டும் துடைத்தாள். ஸ்டிக்கர் நனையாமல் சுற்றிக்கொண்டு போனாள்.

ஜனவரியில் பொங்கல் கழிந்த நாலாம் நாள் ரிசல்ட். ப்ரீதா வாசலில் நின்று போனைப் பார்த்தாள். அவளுக்கு எழுபத்தொன்று. அடுத்த நம்பரைப் போட்டாள். சாம்பசிவம் காம்பவுண்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு, தெருவில் ஒரு ஆட்டைப் பார்த்தபடி நின்றார். அந்த ஆட்டை அவ்வளவு கவனமாக யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"நாப்பத்திநாலு" என்றாள் ப்ரீதா.

சாம்பசிவம் சுவரிலேயே உட்கார்ந்துவிட்டார். குழல்வாய்மொழி உள்ளே போனாள். தேங்காய் எண்ணெய்க் கிண்ணமும் பழைய துணியுமாக வந்தாள். ஸ்டிக்கரில் எண்ணெயைத் தடவி ஊறவிட்டுத் தேய்த்தாள். உடையும் பொருள் சுலபமாக வந்துவிட்டது. 'கவனமாக' என்பது மட்டும் கல்லைப் பிடித்துக்கொண்டது. நகத்தால் சுரண்டிப் பார்த்தாள், வரவில்லை.

"கெடக்கட்டும்" என்றாள். அது இன்றைக்கும் அங்கேதான் கிடக்கிறது.

இரண்டாவது செமஸ்டரில் தொகையிடல் ஆரம்பித்தது. தான்தான் பாஸாகிவிட்டோமே, இனி எதற்கு மாடிக்கு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சாம்பசிவம் டிவி முன்னால் உட்கார்ந்தார். 'ஏன்' என்று கேட்க எனக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்று ப்ரீதா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் குழல்வாய்மொழியும் ஒரு முறத்தில் முருங்கைக் கீரையோடு மேலே வந்து, மூலையில் உட்கார்ந்து உருவ ஆரம்பித்தாள். ப்ரீதா டைலில் பாம்பு மாதிரி ஒரு குறி போட்டாள். சாம்பசிவம் கால்மேல் கால் போட்டார்.

நான் எங்கள் மாடியில் கொடியோரம் நின்றிருந்தேன். குழல்வாய்மொழி கீரையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, பழைய குற்றாலத்துக்குப் பிறகு முதல் தடவையாக, என்னைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அக்கா, வெயிலு அடிச்சு நொறுக்குது. கொடில ஒரு துணிகூட இல்ல. என்னத்தத் தொட்டுப் பாக்கிய?"